கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஒத்திகை

அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். அதன் தலைநகரம் பிராவிடன்ஸ். ஊருக்குக் கிழக்கே குன்றின் மேல் பிரவுன் பல்கலைக்கழகமும், பல தலைமுறையாகப் பணம் பார்த்தவர்களின் வீடுகளும் இருக்கின்றன. மேற்கே 95-ஆம் எண் நெடுஞ்சாலையைத் தாண்டினால் வெஸ்ட் எண்ட். நகைப் பட்டறைகளும் ஆலைகளும் ஓடிய காலத்தில் தொழிலாளிகள் குடியிருந்த மூன்றடுக்கு மர வீடுகள் அங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. அடுக்குக்கு ஒரு குடும்பம். 2004 கோடையில் என் கணவரின் வேலையை ஒட்டி நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது, எங்களுக்குக் கட்டுப்படியான வாடகை அந்தப் பக்கத்தில்தான் கிடைத்தது. நடு அடுக்கு எங்களுடையது. கீழே டொமினிகன் குடியரசிலிருந்து வந்த ஓர் அம்மாவும் மகளும். மேலே லைபீரியாக்காரர்கள். எதிர்வீட்டில் கம்போடியக் குடும்பம். பட்டறைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. ஆட்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள்.

அந்தப் பேட்டைக்குக் கடைத்தெரு வெஸ்ட்மின்ஸ்டர் தெருதான். அதில் ஒரு கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. வேறு கடையாக இருந்தால் உள்ளே சரக்கு அடுக்கியிருக்கும். இங்கே நான்கு நாற்காலிகள், நான்கு இசைத்தாள் தாங்கிகள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. துணி மூட்டையோடு சலவைக் கடைக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். வாசிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம்.

அவர்களுக்குப் பிராவிடன்ஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்று பெயர். முப்பதை ஒட்டிய வயது, எல்லோருக்கும். காலையில் ஒத்திகை, பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்குப் பாடம், இடையிடையே கச்சேரி. இந்த ஏற்பாட்டுக்குக் கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் என்று பெயர் வைத்து 1997-ல் தொடங்கியவர் செபாஸ்டியன் ரூத். பிரவுனில் அப்போதுதான் பட்டம் வாங்கியிருந்த இளைஞர். கையில் இருந்தது, பல்கலைக்கழகத்தின் பொதுச்சேவை மையம் கொடுத்த ஒரு சிறு உதவித்தொகை. அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் இப்படி ஒரு நால்வர் குழுவைத் தங்களோடு வைத்துக்கொள்வது உண்டு. சம்பளம் கொடுத்து, அறை கொடுத்து, கச்சேரியும் பாடமும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதே ஏற்பாட்டை ஒரு ஏழைப் பேட்டைக்குச் செய்து பார்ப்பதுதான் ரூத்தின் யோசனை. பிள்ளைகளுக்குப் பாடம் இலவசம். வாத்தியமும் இரவலாக வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் ஏறக்குறைய நூறு பிள்ளைகள் படித்தார்கள்; இடத்துக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் அதைவிட நீளம் என்பார்கள்.

நான் கும்பகோணத்தில் வயலின் கற்றவள். ஏழு வயதிலிருந்து கல்லூரி போகும்வரை, வாத்தியார் வீட்டுத் திண்ணையை ஒட்டிய கூடத்தில் பாயில் உட்கார்ந்து, சரளி வரிசையில் தொடங்கிச் சில பெரிய கீர்த்தனைகள் வரை போனேன். கச்சேரி செய்யும் அளவுக்கு வரவில்லை. ஆனால் வயலின் என்னோடு கடல் கடந்து வந்தது. எனவே அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை. முதல் கோடையில் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என்னை ஒருவர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சுவரோரம் இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. அங்கே ஏற்கெனவே ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

அன்று நான் கண்டது, அதற்கு முன் என் வாழ்நாளில் கண்டிராத ஒன்று. ஒத்திகை.

நம் சங்கீதத்தில் படித்தவர்களுக்கு இது புரியும். பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் மூவரும் பெரும்பாலும் மேடையில்தான் சந்திக்கிறார்கள். இன்ன ராகம், இன்ன தாளம் என்பதே சில நேரம் பாட்டு தொடங்கியபின்தான் பக்கவாத்தியத்துக்குத் தெரியும். அதில் ஒரு தீரம் இருக்கிறது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் என் வாத்தியார் தனியே உட்கார்ந்து சாதகம் செய்ததை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் செய்திருப்பார், விடியற்காலையில், கதவைச் சாத்திக்கொண்டு. எங்களுக்கு வந்து சேர்ந்தது தெளிந்த பாடம் மட்டும். அவருக்கு வராத சங்கதி என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்குத் தோன்றியதில்லை.

இங்கே நால்வரும் ஹைடனின் ஒரு குவார்டெட்டை எடுத்து வைத்திருந்தார்கள். முதல் வயலின்காரர் மூக்கால் மெல்ல மூச்சிழுப்பார், அதுதான் எடுப்பு. யாரும் தாளம் போடுவதில்லை, கை அசைப்பதில்லை. அந்த ஒரு மூச்சில் நால்வரும் சேர்ந்து இறங்குகிறார்கள். நாலைந்து அடி போனதும் வயோலாக்காரர் நிறுத்தினார். நடுக்குரல்கள் இரண்டும், அதாவது இரண்டாம் வயலினும் வயோலாவும், ஒரே ஓட்டத்தில் சின்னச் சின்ன ஸ்வரங்களை வாசிக்க வேண்டிய இடம். வில்லைத் தந்தியோடு ஒட்டியபடியே தேய்ப்பதா, எடுத்து எடுத்துப் போடுவதா என்பது தகராறு. இரண்டாம் வயலின்காரர் எடுத்துப் போடுவதுதான் சரி என்றார். செல்லோக்காரர், நீங்கள் துள்ளினால் என் ஸ்வரம் தனியாகத் தொங்கிப்போகிறது என்றார். ஒட்டி வாசித்துப் பார்த்தார்கள். துள்ளி வாசித்துப் பார்த்தார்கள். பிறகு வில்லின் அடிப்பக்கமாக வைத்துச் சிறிதாகத் துள்ளிப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த தடவை ரப்பரால் அழித்தார்கள். அரை மணி நேரம், அந்த நாலைந்து அடிக்கு. கடைசியில் இரண்டாம் வயலின்காரர், "சரி, இன்றைக்கு உங்கள் வழி. கச்சேரிக்கு முன்னால் மறுபடி கேட்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பையன் எப்போதோ பேனாவை வைத்துவிட்டிருந்தான். அவனுக்கு அன்று மாலை அந்த இரண்டாம் வயலின்காரரிடம்தான் பாடம். தனக்குச் சொல்லிக் கொடுக்கிறவரையே இன்னொருவர் திருத்துகிறார், அவர் மறுக்கிறார், பிறகு ஒத்துக்கொள்கிறார், யாருக்கும் கோபமில்லை. அவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் நான் இருந்த காலம் முழுக்க எத்தனையோ நல்ல கச்சேரிகளை அவர்கள் செய்தார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் கொடுத்தவற்றில் இதற்கு மேலான ஒன்று இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு அப்போது எட்டு வயது. பட்டியலில் காத்திருந்து இடம் கிடைத்தவள். வயலின்தான் கேட்டிருந்தாள், வயோலா எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள், தலையாட்டிவிட்டாள். எட்டு வயதுக் கைக்குத் தகுந்த வயோலா அரிதென்பதால் சிறிய வயலின் ஒன்றில் வயோலாவின் தந்திகளைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முதலில் அதைக்கூடத் தொடவிடவில்லை. ஒரு பென்சிலைக் கொடுத்து, வில் பிடிக்கும் பிடியை அதில் பழகச் சொன்னார்கள். கட்டைவிரல் உட்புறமாக மடங்க வேண்டும், சுண்டுவிரல் நுனி மட்டும் பென்சிலின் மேல் வளைந்து நிற்க வேண்டும். படியில் உட்கார்ந்து அவள் அந்தப் பென்சிலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருப்பாள். சுண்டுவிரல் சறுக்கிச் சறுக்கி விழும். பொறுக்காமல் ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சிலைக் காட்டினேன்.

"மிஸ், உங்களுக்கும் தெரியுமா?"

உள்ளே போய் வயலினை எடுத்து வந்தேன். சப்பணமிட்டு உட்கார்ந்து, அதன் சுருண்ட தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை நெஞ்சில் சார்த்தி வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"தாடையால பிடிக்காம எப்படி விழாம நிக்குது?"

"காலும் நெஞ்சும் பிடிச்சுக்கும். அப்பத்தான் இடது கை மேலயும் கீழயும் வழுக்கிட்டுப் போக முடியும்" என்று ஒரு கமகத்தை இழுத்துக் காட்டினேன். அவளும் தரையில் உட்கார்ந்து தன் வாத்தியத்தைக் காலில் ஊன்றிப் பார்த்தாள். பெல்ட் கொக்கி இடித்தது. அடுத்த வாரம் வகுப்பில் அதைச் செய்து காட்டியிருக்கிறாள். அவளுடைய ஆசிரியர் என்னைத் தெருவில் பார்த்து, அந்தப் பிடியைத் தனக்கும் காட்ட முடியுமா என்று கேட்டார். அந்தக் கடைமுகப்புக்குள் பாய் விரித்து உட்கார்ந்து நான் வாசித்தது அப்படித்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றதையும், அந்த வாத்தியம் இருநூறு ஆண்டுகளாக எங்கள் ஊரில் தரையில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். நால்வரும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சுருதி சேர்க்கும் முறை ஏன் வேறாக இருக்கிறது, ஒரே தந்தியில் ஏன் இவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்று. மரியாதைக்குக் கேட்கிற கேள்விக்கும் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்விக்கும் வித்தியாசம் முகத்திலேயே தெரிந்துவிடும்.

மர வீட்டில் கீழ்த்தளத்து ஓசை எதுவும் கீழேயே நிற்காது. வயோலாவின் அடித்தந்தி தடித்தது. அதில் வில் சரியாக விழாவிட்டால் கட்டிலை இழுப்பதுபோல் கேட்கும். அவளுடைய அம்மா இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போகிறவள். காலையில் வந்து படுத்து, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு எழுந்து, அவள் சாதகம் செய்வதைக் கேட்டுக்கொண்டே சமைப்பாள். என்னை "வெசினா" என்று கூப்பிடுவாள். அவர்கள் ஸ்பானிஷில் அண்டை வீட்டுக்காரியை அப்படித்தான் அழைப்பார்கள். சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். ஒரு நாள், "வெசினா, உனக்கு இது தெரியும். நீ சொல்லு. இதனால அவளுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டாள்.

என் அப்பாவும் என் அம்மாவிடம் இதையேதான் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. வேலை கிடைக்காது என்றுதான் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஆனா அவ மூணு வருஷமா ஒரு வகுப்பு விடலை" என்றாள்.

இந்தக் கேள்வியை வேறு குரலில் கேட்கிறவர்களும் உண்டு. வேலையும் வீடும் இல்லாமல் அல்லாடும் பேட்டையில் பீத்தோவன் எதற்கு என்று குன்றின் மேல் நடந்த ஒரு விருந்தில் ஒருவர் என்னிடம் கேட்டார், நல்ல எண்ணத்தோடுதான். அவருடைய இரண்டு பிள்ளைகளும் தனியாசிரியர் வைத்து செல்லோ படித்துக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ரூத் கல்வியாளர் மாக்சின் கிரீனையும் பாவ்லோ ஃபிரெய்ரேயையும் ஊன்றிப் படித்தவர். இருக்கிற உலகத்தை இன்னொரு மாதிரி கற்பனை செய்து பார்க்கும் திறன் எல்லாக் குழந்தைக்கும் உரியது, கலை அதைத் தட்டி எழுப்புகிறது என்பது கிரீன் வாழ்நாளெல்லாம் எழுதிய கருத்து. புத்தகத்தில் படித்தால் இது பெரிய வார்த்தை. எங்கள் கீழ்வீட்டில் அது ஒரு குழந்தை தன் கைவிரல் ஏன் அரை ஸ்வரம் தாழ்ந்து விழுகிறது என்று தானாகவே கேட்டுக் கண்டுபிடித்த நாளாக இருந்தது. அன்று அவள் மேலே ஓடி வந்து கதவைத் தட்டினாள்.

சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டையின் சமூகக் கூடத்தில் பிள்ளைகளும் குவார்டெட்டும் சேர்ந்து வாசிப்பார்கள். கச்சேரி என்று சொல்ல மாட்டார்கள், விருந்து என்பார்கள். உண்மையில் விருந்துதான். வீட்டுக்கு ஒரு பாத்திரம் வரும். கம்போடியப் பாட்டி சோற்று உருண்டை கொண்டு வருவார். கீழ்வீட்டம்மா ஒரு பெரிய அலுமினியத் தட்டில் கண்டூலேஸ் சோறு கொண்டு வருவாள். முதல் தடவை அதை வாயில் வைத்ததும் திடுக்கிட்டேன். பச்சைத் துவரை. நம் தை மாதத்துத் துவரை, அரிசியோடு சேர்த்து வெந்தது. நான் எலுமிச்சை சாதமும் அப்பளமும் கொண்டு போவேன். அப்பளம்தான் முதலில் தீரும்.

முதலில் ஆறேழு வயதுக் குழந்தைகள், பிறகு வயது ஏற ஏற. ஒரு குழந்தை நடுவில் நின்றுவிட்டால் யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டார்கள். அதுவாகத் தொடங்கும்வரை கூடமே காத்திருக்கும். எல்லோருக்கும் பின் குவார்டெட் அதே நாற்காலிகளில் உட்காரும். பிள்ளைகள் உட்கார்ந்து வெதுவெதுப்பான அதே நாற்காலிகள். மேடை உயரம் எதுவும் கிடையாது.

அப்படி ஒரு மாலையில் அவர்கள் துவோர்ஷாக்கின் அமெரிக்கன் குவார்டெட்டை வாசித்தார்கள். செக் நாட்டுக்காரரான துவோர்ஷாக், நியூயார்க்கில் வேலையாக இருந்தபோது, 1893 கோடையில் அயோவா மாநிலத்தில் ஸ்பில்வில் என்னும் சிற்றூருக்குப் போனார். அங்கே குடியேறியிருந்தவர்கள் அவர் தேசத்துக் குடியானவர்கள். தன் மொழி காதில் விழுந்த சந்தோஷத்தில் அந்த ஜூன் மாதத்திலேயே இதை எழுதி முடித்தார். வாசிக்குமுன் செல்லோக்காரர் இதை நாலே வரியில் சொன்னார். கூடத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோருமே வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வயலின்கள் இரண்டும் மெல்லச் சலசலக்க, செல்லோ கீழே ஒரே ஸ்வரத்தில் நிற்க, மூன்றாவது அடியில் முதல் பாட்டை எடுப்பது வயோலா. துவோர்ஷாக்கே வயோலா வாசித்தவர்; தன் வாத்தியத்துக்கு முதல் மரியாதை கொடுத்தார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாட்டு ஐந்தே ஸ்வரங்களில் நிற்கிறது. ஷட்ஜமம், சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம். என்னை அறியாமல் வாய் ஸ்வரம் சொல்லத் தொடங்கிவிட்டது. மோகனம்! அயோவாவில் எழுதி, பிராவிடன்ஸில் வாசித்து, கும்பகோணத்துக்காரியின் காதில் மோகனமாக வந்து விழுந்தது. கமகம் இல்லாத மோகனம்தான். ஆனாலும் அதன் குளிர்ச்சி அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீழ்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு மோகனம் தெரியாது. வயோலா முதலில் வந்துவிட்டது, அதுதான் அவளுக்கு. அதுவரை அவள் வயோலாவை வயலின் கிடைக்காதவர்களுக்குக் கொடுக்கிற வாத்தியம் என்றே நினைத்திருந்தாள்.

எல்லாப் பிள்ளைகளும் நிலைக்கவில்லை. வாடகை ஏறி வேறு ஊர் போனவர்கள் உண்டு. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டி வகுப்பை விட்டவர்கள் உண்டு. ஒத்திகையில் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்த பையன், ஒரு பனிக்காலத்தில் குடும்பத்தோடு ஃப்ளோரிடா பக்கம் போய்விட்டான். வாத்தியத்தைத் திருப்பிக் கொடுக்க அவன் அப்பா வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வாங்கிக்கொண்ட ஆசிரியர் பெட்டியை மூடவே இல்லை; வெகுநேரம் வில்லின் மயிரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். இப்படிப் போனவர்களைக் கணக்கில் எழுதும் வழி எதுவும் இல்லை. நன்கொடை கொடுக்கும் அறக்கட்டளைகள் எண்ணிக்கை கேட்கும், தேர்ச்சி கேட்கும். மூன்று வருடம் படித்துவிட்டுப் போன பையனுக்குள் என்ன தங்கியது என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்காது.

பெரிய இசைக்குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து ஒருநாள் வாசித்துவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் வந்து இறங்கி, முக்கால் மணி நேரம் வாசித்து, வாத்தியங்களின் பெயர் சொல்லி, கைதட்டல் வாங்கிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ரசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த இசை எங்கிருந்தோ வந்தது, அங்கேயே திரும்பிப் போய்விட்டது என்பதும் அவர்கள் மனத்தில் பதிந்துவிடுகிறது. நம் கோயில் ஊர்களில் நாகஸ்வர வித்வானுக்கு ஒரு வீடு இருந்தது, மானியம் இருந்தது; அவர் சீவாளி திருத்துவதையும் காலையில் சாதகம் செய்வதையும் தெருவே கேட்டது. அந்த அமைப்பில் சாதி இருந்தது, அவமானங்களும் இருந்தன. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இசைக்காரர் ஊரில் குடியிருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தெருவில் நான் கண்டது அந்தக் குடியிருப்பைத்தான். மளிகைக் கடையில் செல்லோக்காரர் வரிசையில் நிற்பார். மாணவன் காய்ச்சலில் படுத்தால் வாசலில் வந்து விசாரிப்பார்கள். பள்ளி ஆசிரியர் கூப்பிட்டால் பெற்றோருடன் போய்ப் பேசுவார்கள்.

2006-ல் நியூயார்க்கர் இதழில் இசை விமர்சகர் அலெக்ஸ் ராஸ் இவர்களைப் பற்றி எழுதினார். எனக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. ஜெஸ்ஸி மாண்ட்கமரி என்ற இளம் வயலின்காரர் குவார்டெட்டில் இருந்த காலம் அது. நியூயார்க்கில் பிறந்து, ஜூலியார்டில் படித்த கறுப்பினப் பெண். அவர் அந்த ஆண்டு இந்தக் குழுவுக்காக ஐந்து வாத்தியங்களுக்கு ஒரு படைப்பை எழுதினார். ‘ஸ்ட்ரம்’ என்று பெயர். வில்லைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் தந்திகளைக் கிடார் மாதிரி மீட்டிக்கொண்டே போகிற இடங்கள் அதில் நிறைய. இன்று உலகெங்கும் இசைக்குழுக்கள் அதை வாசிக்கின்றன. மாண்ட்கமரி பின்னர் சிகாகோ சிம்பொனியின் உறைவிடப் படைப்பாளர் ஆனார், 2024-ல் கிராமி விருதும் பெற்றார்.

பிள்ளைகளுக்கு அந்த இசை உடனே பிடித்துப்போனது. தங்கள் வீட்டுக் கிடார் ஒலி அதில் கேட்டது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இசையை எழுதியவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள், விக் வைத்த ஆண்கள் என்றுதான் அதுவரை அவர்கள் நம்பியிருந்தார்கள். இப்போது எழுதியவர் அவர்கள் தெருவில் நடந்து போகிறார். கீழ்வீட்டுப் பெண் அதன்பின் ஒரு மாதம் வயோலாவை மடியில் படுக்க வைத்து மீட்டிக்கொண்டே இருந்தாள். எட்டு அடிகளில் ஒரு பாட்டு எழுதி, கோடு போட்ட தாளில் நானும் அவளுமாக ஸ்வரங்களைக் குறித்தோம். எனக்கு மேற்கத்திய எழுத்து அரைகுறை. அவள்தான் எனக்கு வயோலாவின் சாவிக்குறியைச் சொல்லிக் கொடுத்தாள்.

பதின்ம வயதுக்கு வந்தபின் பிள்ளைகளுக்கு வேறு ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலையில் சேர்ந்து சாப்பிட்டு, எதைப் பற்றியாவது உட்கார்ந்து பேசி, பிறகு மூவராகவோ நால்வராகவோ சேர்ந்து வாசிப்பார்கள். சமையலுக்கு ஆள் வேண்டியிருந்த நாட்களில் நான் போவேன். பேச்சு எங்கெங்கோ போகும்: பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர் ஏன் நிற்கிறார், அப்பாவின் நாட்டுக்கு ஏன் போக முடியவில்லை. பெரியவர்கள் முடிவு சொல்ல மாட்டார்கள். அதன்பின் வாத்தியம் எடுத்து ஒத்திகை. ஒருநாள் சாம்பார் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து கீழ்வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

"நீ ஓடுறே. நான் உன் பின்னால ஓடி வர மாட்டேன்."

"நீதான் இழுக்கிறே" என்றான் முதல் வயலின் பையன்.

"சரி, நீ சொல்ற வேகத்துல ஒரு தடவை, நான் சொல்ற வேகத்துல ஒரு தடவை. எது நல்லாருக்குன்னு செல்லோ சொல்லட்டும்."

கரண்டியைப் பிடித்தபடி நான் நின்றுவிட்டேன். அது அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது இல்லை. எட்டு வயதிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துப் பார்த்து வந்தது. கருத்தை விட்டுக்கொடுக்காமலும் ஆளை விட்டுவிடாமலும் சண்டை போட அவளுக்குத் தெரிந்திருந்தது. என் பெரிய குடும்பத்தில் அறுபது வயதுக்காரர்களுக்கும் அது வராது.

2010-ல் ரூத்துக்கு மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் டாலர். ஊரே கொண்டாடியது. அந்த ஆண்டுகளில் வெளியூர் இசைக்காரர்களும் அங்கே வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிப் பயிற்சி பெற்று, தங்கள் ஊர்களில் இதே மாதிரி தொடங்கப் போனார்கள். நாங்கள் கொஞ்ச காலத்தில் வேலை மாற்றலில் நியூஜெர்சிக்கு வந்துவிட்டோம். 2024-ல் கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் அதே பேட்டையில் தனக்கென்று ஒரு பெரிய கட்டடம் கட்டித் திறந்தது. படங்களைப் பார்த்தேன். விசாலமான இசையரங்கு, பாட அறைகள், நல்ல வெளிச்சம். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு கவலையும். கட்டடம் பெரிதானால் வாசலில் பதிவேடு வரும், உள்ளே போக ஒரு காரணம் கேட்பார்கள். துணி மூட்டையோடு போகிறவர்கள் சும்மா நின்று பார்க்க இடம் இருக்குமா என்று கீழ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன். அவள் திறப்பு விழாவுக்குப் போயிருந்தாள். இருக்கிறது, தெருவைப் பார்த்து நிறையக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள் என்றாள். இருந்தாலும் நான் போய்ப் பார்த்தால்தான் நம்புவேன்.

அவள் இப்போது ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அம்மாவின் கேள்விக்கு வயோலா பதில் சொல்லவில்லைதான். நர்சிங் படிப்புக்கு அவளே கடன் வாங்கி, அவளே அடைத்தாள். இரவு வேலை முடித்து வந்து தூங்கி எழுந்து, வாரம் ஒருநாள் வாசிக்கிறாள். கூட வேலை பார்க்கும் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் முதல் வயலின், ஆய்வகத்துப் பெண் ஒருத்தி இரண்டாம் வயலின். செல்லோவுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் மிஸ், செவ்வாய்க்கிழமை வரமுடிகிறவராக இருக்க வேண்டும், சண்டை போடத் தெரிந்திருக்க வேண்டும் என்றாள்.